மேல்சரிவுக் காப்பி

காப்பிக்கொட்டை ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். தலை மறைந்ததும் 'நாக்கு' என்பார்கள். "நாக்கு வந்தாச்சா?", "நாக்குக்கு இன்னைக்குச் சளி, வேலை ஓடாது" என்றெல்லாம் நடைவழியில் காதில் விழும். கேட்காத மாதிரி போய்விடுவாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வேலை அப்படி. மாடியில் வெளிச்சம் நன்றாக வரும் ஓர் அறை, நடுவில் நீள மேஜை, அதன்மேல் வரிசையாகக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்துக் கொட்டையை இளசாக வறுத்து, அரைத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி வைத்திருப்பார்கள். மேலே ஏடு கட்டியதும் கரண்டியால் அதை விலக்கி, மூக்கை அருகே கொண்டுபோய் முகர வேண்டும். ஆறினதும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட்டு, மார்க் போட வேண்டும். அவளோடு இருந்த அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "சத்தம் போட்டு உறிஞ்சாதேன்னு அடிச்சு வளர்த்தேன். இவ அதுக்கே சம்பளம் வாங்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

உள்ளூர் மலைத் தோட்டங்களின் காப்பி மட்டுமல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உலகத்துக் காப்பியெல்லாம் அந்த மேஜைக்கு வந்து போகும். பிரேசில் என்றால் வறுத்த வேர்க்கடலை. அடக்கமான பிள்ளை மாதிரி, எதோடு கலந்தாலும் ஒத்துப்போகும். கென்யா நாக்கில் பட்டதும் கறுப்புத் திராட்சையைக் கடித்த மாதிரி சுள்ளென்று புளிக்கும். சுமத்ராவில் கொட்டையின் மேல்தோலை ஈரத்தோடே உரித்துவிடுவார்கள், அதனால் மழை நனைத்த மண்ணும் மரப்பட்டையும் அதில் ஏறிவிடும். ஏமனில் பழத்தை அப்படியே கூரையில் காயப்போடுவார்கள், அது உலர்திராட்சை மாதிரி கனத்து நிற்கும். எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் மட்டும் தனி ஜாதி. மல்லிகையும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம், வாயில் தேநீர் போல லேசாக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதை மட்டும் அவள் தவறவிட மாட்டாள். இவர்கள் மலைக் காப்பிக்கு அந்த மாதிரி அழகெல்லாம் கிடையாது. கொஞ்சம் கோகோ வாசனை, கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். உலகச் சந்தையில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற சரக்கு.

அவளுக்கு ஒரு தம்பி. சின்ன வயதிலேயே மாமா அவனுக்கு 'திட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு திட்டம் இருக்கும். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான், பழுதான போன்கள்தான் மிச்சம். வண்ண மீன் வளர்த்தான், பாதி மீன் மீதி மீனைத் தின்றது. பிறகு தேன். சுத்தமான மலைத்தேன் என்று அழகாகச் சீட்டு ஒட்டி விற்றான். அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டாள். அது மலைத்தேனும் இல்லை, பாதிக்கு மேல் தேனே இல்லை. புகார் வந்தபோது கடைக்காரர்களிடம் போய்க் கெஞ்சிச் சமாளித்தவளும் அவள்தான். "வேற இடத்துல வாங்கினேன்கா, அவன் ஏமாத்திட்டான்" என்றான் தம்பி. அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள்.

கடைசியாக அவன் காப்பிக்கு வந்தான். மனைவி வழியில் கிடைத்த மேட்டு நிலம், மலையின் மேல்சரிவில். அங்கே இருக்கும் குளிருக்குக் காப்பி வராது என்று எல்லோரும் சொன்னார்கள், அக்காவும் சொன்னாள். கேட்டால்தானே. மரம் வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் போன் செய்தான். பிறகு வருஷங்கள் போயின. பார்க்கும்போதெல்லாம் "ஒரு தடவை மேல வாயேன்கா" என்பான். "வர்றேன், வர்றேன்" என்பாள். போகவில்லை. மீனைப் பார்க்கக் கூப்பிட்டதும் நினைவிருந்தது, தேனைப் பார்க்கக் கூப்பிட்டதும் நினைவிருந்தது.

அந்த வருஷம் பறிப்பு முடிந்த கையோடு அவன் வீட்டுக்கு வந்தான். வெயிலில் கறுத்திருந்தான், கை காய்த்துப் போயிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சாதாரணமாகக் கேட்டான்.

"அக்கா, யிர்காசெஃப் பச்சைக்கொட்டை எங்க கிடைக்கும்?"

"எதுக்கு உனக்கு?"

"சும்மா. குடிச்சுப் பழகலாம்னு."

தெரிந்த மொத்த வியாபாரியின் நம்பரைக் கொடுத்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

சில வாரம் கழித்து ஒரு வெளிநாட்டு அம்மா கம்பெனிக்கு வந்தாள். பெரிய வறுப்பு நிறுவனம் ஒன்றுக்குக் கொட்டை தேடி மலை மலையாகச் சுற்றுகிறவள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வருஷா வருஷம் முழு விளைச்சலையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். கம்பெனி எல்லாத் தோட்டக்காரர்களையும் மாதிரி அனுப்பச் சொன்னது. எந்தக் கோப்பை யாருடையது என்பது தலைமை ருசிபார்ப்பவரான பெரியவருக்கு மட்டுமே தெரியும். அவர் மார்க் போட மாட்டார். எல்லோரும் போட்டு முடித்த பிறகு வாய் திறப்பார்.

அன்று அவள் ஒவ்வொரு கோப்பையாக முகர்ந்துகொண்டே வந்தாள். கோகோ, கசப்பு. கோகோ, கசப்பு. ஒன்றில் பூஞ்சை. பிறகு ஒரு கோப்பையின் ஏட்டை விலக்கியதும் அவள் கரண்டி நின்றுவிட்டது. அறைக்குள் யாரோ பூக்கூடையோடு வந்துவிட்ட மாதிரி இருந்தது. உறிஞ்சினாள். மல்லிகை, எலுமிச்சைத் தோல், எல்லாம் அடங்கியபின் கடைசியில் மெல்ல ஓர் இனிப்பு. துப்ப மனம் வரவில்லை, விழுங்கினாள். அந்த மேஜையில் அதுவரை எந்த உள்ளூர்க் காப்பிக்கும் போடாத மார்க்கைப் போட்டாள். எதிரே வெளிநாட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். "இது உங்க மலையிலயா விளையுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பெரியவர் சிரித்துக்கொண்டே இவளைப் பார்த்தார். "உங்க தம்பியோடதும்மா."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த கணமே அவன் கை கழுவிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. சும்மா, குடிச்சுப் பழகலாம்னு.

வெளியே வந்து வியாபாரிக்குப் போன் போட்டாள். "ஆமா மேடம், உங்க பேரைச் சொல்லித்தான் வாங்கினாரு. யிர்காசெஃப் ஒரு மூட்டை" என்றான் அவன். அப்புறம் வேறென்ன வேண்டும். தேன் பாட்டிலில் ஒட்டியிருந்த அழகான சீட்டு கண் முன்னால் வந்தது. கடைசியில் வந்த அந்த இனிப்பு யிர்காசெஃபில் இருக்காதே என்று மனசின் ஒரு மூலையில் ஏதோ சொன்னது. வறுத்ததில் வந்த வித்தியாசமாக இருக்கும் என்று அதன் வாயை அடைத்தாள்.

தம்பிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வான் என்பதும் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். இந்தத் தடவை மூடி மறைத்தால் கம்பெனியின் பெயர் கடல் தாண்டிக் கெடும்; இப்போதே தடுத்துவிட்டால் அவனுக்கும் அதுதான் நல்லது. திரும்ப உள்ளே போனாள்.

"சார், அது நம்ம மலைக் காப்பி இல்ல. எத்தியோப்பியாக் கொட்டை. அவன் வெளியில வாங்கியிருக்கான்."

பெரியவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

மறுநாள் தம்பியை வரச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாகச் சிரித்த முகத்தோடு மாடியேறி வந்தான். ஜெயித்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவன் முகம் அது. அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. "யிர்காசெஃப் கொட்டை வாங்கினீங்களா?"

"வாங்கினேன் சார். ஒரு மூட்டை." அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னுது அதுக்குப் பக்கத்துல நிக்குதான்னு ஒத்துப் பாக்கத்தான்."

"அந்தக் கொட்டையையே இங்க அனுப்பிட்டீங்கன்னு பேச்சு."

"யார் சொன்னா?"

பெரியவரின் பார்வை ஜன்னல் பக்கம் போய் வந்தது. அதிலேயே அவனுக்குப் புரிந்தது. மெதுவாக அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ அதைக் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"குடிச்சுமா?"

அவன் பெரியவரிடம் திரும்பி, "மேல வந்து மரத்தைப் பாருங்க சார். இப்பவே கிளம்புவோம்" என்றான். பெரியவர் கொஞ்சம் தடுமாறினார். போய்ப் பார்த்துவிடலாமா என்று கேட்கிற பார்வையோடு இவளைப் பார்த்தார்.

"பறிப்பு முடிஞ்சிருச்சு சார். இப்ப வெறும் மரத்துல போய் எதைப் பாக்கிறது" என்றாள் அவள்.

வெளிநாட்டு அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அந்நியர் யாராவது சொல்லியிருந்தால் அவளும் ஒரு தடவை மலையேறிப் பார்க்கத்தான் நினைத்திருப்பாள். கூடப்பிறந்தவளே சொன்னபிறகு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டாள். பேச்சு மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. "அந்த ஆளா? வேண்டாம்ப்பா, அக்காவே காட்டிக் கொடுத்துட்டாங்க" என்றார்கள். மேல்சரிவில் அந்த வருஷம் விளைந்ததெல்லாம் கடைசியில் உடனடிக் காப்பித்தூள் ஆலைக்குப் போனது. அங்கே உடைந்த கொட்டையோடும் பூச்சி துளைத்த கொட்டையோடும் ஒன்றாகக் கொட்டி, கரிய வறுத்து, கொதிக்க வைத்துத் தூளாக்கிவிட்டார்கள். எந்த வீட்டில் யார் அதைப் பாலில் கலக்கிக் குடித்தார்களோ.

வீட்டில் அம்மா அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தினாள். "தப்புப் பண்ணான்னா நாலு அறை விட்டிருக்கலாம். ஊரையா கூட்டுவாங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"அவன் நல்லதுக்குத்தாம்மா."

"அவன் நல்லதை அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

தம்பி மனைவி மட்டும் ஒரு நாள் போன் செய்தாள். அழவில்லை, திட்டவில்லை. "அண்ணி, நாங்க கீழ டவுனுக்கு வந்துட்டோம். நிலத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் குத்தகைக்கு எடுத்துக்கிட்டாரு. அத்தைகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷப் பறிப்பும் முடிந்தது. வெளிநாட்டு அம்மா வேறெங்கும் திருப்திப்படவில்லை போல, மறுபடி வந்தாள். மறுபடி மாதிரிகள், மறுபடி நீள மேஜை. இவள் வரிசையில் முதல் ஆளாகக் கரண்டியை எடுத்தாள். கோகோ, கசப்பு. கோகோ, கசப்பு. பாதி மேஜை தாண்டியிருக்கும். ஓர் ஏட்டை விலக்கினாள்.

மல்லிகை.

அவள் கரண்டி கோப்பை விளிம்பில் தட்டியது. இந்த வருஷமும் யார் பெயரிலாவது அனுப்பிவிட்டானா என்றுதான் முதலில் ஓடியது புத்தி. உறிஞ்சினாள். எலுமிச்சைத் தோல். காத்திருந்தாள். எல்லாம் அடங்கியபின் கடைசியில் மெல்ல அந்த இனிப்பு வந்தது. போன வருஷம் வறுப்பின்மேல் பழி போட்டாளே, அதே இனிப்பு. இந்த வருஷம் வறுத்தது வேறு ஆள், வேறு இயந்திரம்.

மார்க் போட்டாள். போன வருஷம் போட்ட அதே மார்க்.

"இது பக்கத்துத் தோட்டக்காரரோடது" என்றார் பெரியவர். குரலில் உற்சாகம் இல்லை. அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "வெளியிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிடறேன்."

அவர் மலையில் பெரிய தோட்டம் வைத்திருக்கிற ஆள். உரக்கப் பேசுவார், ஆனால் பொய் பேசிப் பழக்கமில்லாதவர். நின்றபடியே சொன்னார்.

"நான் வெறும் பறிச்சவன்தாங்க. மரம் வச்சது இவங்க தம்பி. அந்தக் குளிர்ல காப்பியான்னு நாங்கள்லாம் சிரிச்சோம். ஆராய்ச்சிப் பண்ணையில, வேண்டாம்னு ஒதுக்கிப் போட்ட எத்தியோப்பிய நாத்தாம். எங்கயோ பனாமாவுல இப்படித்தான் ஒரு ரகத்தை உதவாதுன்னு தள்ளி வச்சிருந்தாங்களாம், உயரத்துல வச்சதும் உலகமே திரும்பிப் பாத்துச்சாம். யாரோ அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. அதைப் புடிச்சிக்கிட்டான். பனி விழுற நாள்ல ராத்திரியெல்லாம் மரத்துக்குச் சாக்கு போர்த்திக்கிட்டுக் கிடப்பான். பழத்தை ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்துப் பறிப்பான். அவன் செஞ்ச மாதிரியே செய்யச் சொன்னேன், அதான் வந்திருக்கு."

யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். பனாமாவின் கெய்ஷா ரகத்துக் கதையை அவள் எல்லோருக்கும் சொல்லுவாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, விருந்தாளிகளுக்கு. எப்போதோ ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தம்பியிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவள் கதை சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவன் அதை எடுத்துக்கொண்டு மலையேறினான்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போன வருஷம் இதே காப்பியைத்தான் நான் திருட்டுச் சரக்குன்னு சொன்னேன். நான் சொன்னது பொய். தெரிஞ்சு சொல்லலை, ஆனா பொய்."

வெளிநாட்டு அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப போன வருஷ விளைச்சல் முழுக்க?"

"தூள் ஆலைக்குப் போயிடுச்சு."

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல காப்பி" என்றாள். அவளுக்கு அந்தக் காப்பி போனதுதான் வருத்தம். மரம் வைத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரோடு ஒப்பந்தம் பேச உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் இவளை ஓரமாக அழைத்துப் போனார். "விடுங்கம்மா. இப்ப அதைக் கிளறி என்ன ஆகப் போகுது? இந்த மேஜையை நம்பித்தான் எல்லாரும் வர்றாங்க. நம்ம நாக்கு தப்புன்னு வெளிய போனா..."

"நாக்கு தப்புப் பண்ணலை சார். ரெண்டு தடவையும் சரியாத்தான் சொல்லுச்சு."

மற்ற கம்பெனிகளுக்கு அவளே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "அப்படியா, பாவம்" என்றார்கள். சிலருக்கு அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்பதே நினைவில்லை. அவன் பெயரைக் கெடுக்க ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதைத் திருப்ப எத்தனை போன் போட்டும் ஆகவில்லை.

பிறகு தம்பியைத் தேடிப் போனாள். டவுனுக்கு வெளியே, குளிர்சாதனப் பெட்டிகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் அடுக்கிவைக்கும் கிடங்கில் அவன் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். லாரி ஒன்று பின்புறமாக வந்துகொண்டிருந்தது. "வா, வா, வா, போதும்" என்று கையசைத்து நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி, உட்காரச் சொன்னான்.

"தோட்டக்காரர் போன் பண்ணாரு" என்றான்.

"நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ஆமா."

"திரும்ப மேல போயிடேன். அவர்கிட்ட நான் பேசறேன். குத்தகையைத் திருப்பிக் கேப்போம்."

"வேண்டாம். அவர் நல்லாப் பாத்துக்கிறாரு." சட்டையில் ஒட்டியிருந்த அட்டைத் தூசியைத் தட்டினான். "அங்க போனா நான் மரத்தைப் பாக்க மாட்டேன்கா. யார் என்ன நினைக்கிறாங்கன்னே பாத்துக்கிட்டு நிப்பேன்."

"நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா. இந்த ரகம் வச்சிருக்கேன்னு."

"சொன்னா பாதியைக் கழிச்சுக்குவ." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "யாருதுன்னு தெரியாம நீ குடிச்சு, நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்குத்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். பேர் தெரியறதுக்கு முன்னாடி எவ்வளவு மார்க் போட்ட?"

சொன்னாள். நம் மலைக் காப்பி எதற்கும் அதுவரை போடாத மார்க் என்பதையும் சொன்னாள்.

அவன் தலையாட்டினான். "அது போதும்னு சொல்லிடணும்னு ஆசையா இருக்கு" என்றான். "போதலைக்கா."

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான்.

"ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பாக்க வர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. "வா. என்ன சமைக்கட்டும்?"

"நீ இல்லாத நேரமாப் பாத்து வர்றேன்" என்றான், தன்மையாகவே. "எப்ப வெளிய போவன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை அவள் காலையிலேயே எழுந்து அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து மூடி வைத்தாள். பிறகு வெளியே கிளம்பிவிட்டாள். போக இடமில்லை. கடைத்தெருவில் நடந்தாள், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தாள், வெயில் ஏறியதும் ஒரு மரத்தடிக்கு மாறினாள். சாயங்காலம் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வந்தானா?"

"வந்தான். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்தான். நல்லாச் சாப்பிட்டான்." அம்மா கொஞ்சம் தயங்கினாள். "யார் சமைச்சதுன்னு கேட்டான். நான்தான்னு சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்று உள்ளே போனாள். கழுவாமல் கிடந்த பாத்திரங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள்.